மூன்று படகுக் கடற்படை

சிட்னியில் எனக்கு முதல் வேலை தந்த நேர்முகப் பரீட்சை ஓர் எண்ணெய்ப் பீப்பாயின் மேல் நடந்தது. துறைமுகத்துப் பயணிகள் படகுகளைத் திருத்தும் ஒரு சின்னப் பட்டறை அது. பீப்பாயின் மேல் என் விண்ணப்பம் கிடந்தது. அந்தப் பக்கம் பட்டறை மேற்பார்வையாளரான போர்மன் நின்றார். இந்தப் பக்கம் நான், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டோடு. 1973ஆம் ஆண்டு. வெள்ளையர் அல்லாதவர்களும் வரலாம் என்று அவுஸ்திரேலியா மனம் மாறியிருந்த காலம். மாறிய மனம் எல்லாப் பட்டறைகளுக்கும் இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

போர்மனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். உலக யுத்தத்தில் கடற்படையில் இருந்தவர். முன்கையில் பச்சை குத்திய நங்கூரம் வயதோடு சேர்ந்து சுருங்கிப் போயிருந்தது. அவர் விண்ணப்பத்தை விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். கொழும்புத் துறைமுகப் பட்டறையில் ஐந்து வருடம். தலையாட்டினார். கிழக்கு நைஜீரியாவில் பாம் எண்ணெய்க் கம்பனியின் படகுகளுக்கு எஞ்சினியராக மூன்று வருடம். அதற்கும் தலையாட்டினார். அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது.

எந்த நாட்டுக் கடற்படை என்று கேட்டார். பியாஃப்ரா என்றேன். பட்டினிக் குழந்தைகளின் படங்கள் பேப்பரில் வந்ததே, அந்த இடமா என்றார். அதுதான் என்றேன். அங்கே கடற்படை இருந்ததா, எத்தனை கப்பல் என்று கேட்டார். மூன்று படகு என்றேன். அந்த நாடு இப்போது எங்கே என்றார். இல்லை என்றேன். படகுகள்? அவையும் இல்லை.

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். மேலே இருப்பவர்கள் கேட்டால் தன்னால் விளக்க முடியாது என்றார், மன்னிப்புக் கேட்கும் குரலில். வெற்றிடம் விடக்கூடாது என்பதற்காக அந்த இடத்தில் 'பிரயாணம்' என்று எழுதினார். என் கடற்படைச் சேவை அப்படியாக ஓர் உல்லாசப் பயணம் ஆனது. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

நான் கடற்படையில் சேர்ந்ததும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான்.

1967இல் நைஜீரியாவின் கிழக்குப் பகுதி தன்னைப் பியாஃப்ரா என்ற தனிநாடாக அறிவித்தபோது நானும் மனைவியும் அங்கே ஓர் ஆற்றங்கரைப் பட்டினத்தில் இருந்தோம். நான் கம்பனிப் படகுகளின் எஞ்சின்களைப் பார்த்தேன். அவள் மிஷன் பெண்கள் பள்ளியில் கணிதம் படிப்பித்தாள். சண்டை வரப்போகிறது என்றதும் கம்பனியின் வெள்ளைக்கார மனேஜர்கள் கிடைத்த கப்பலில் ஏறினார்கள். எங்களுக்கும் அதில் இடம் இருந்தது. ஆனால் அவளுக்கு எட்டாம் மாதம். கப்பல் டாக்டர் ஏற்ற மறுத்துவிட்டார். மகள் பிறந்தபோது கடல் வழி முழுவதும் முற்றுகையில் இருந்தது.

மத்திய அரசிடம் உண்மையான போர்க்கப்பல்கள் இருந்தன. எங்களிடம் ஒரு கொமாண்டர் இருந்தார். (அந்த மக்களை நான் 'எங்கள்' என்று சொல்லத் தொடங்கிய நாள் எது என்று எனக்கு ஞாபகமில்லை.) அதுவரை அவர் துறைமுகத்துக்குள் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டாக இருந்தவர். ஒரு காலை வெள்ளைத் தொப்பியோடு என் பட்டறைக்கு வந்து ஒரு கடிதத்தை வாசித்தார். கம்பனியின் மூன்று படகுகளும் அன்றிலிருந்து நாட்டின் கடற்படை. கம்பனிச் சொத்துகளின் பட்டியலில் என் பெயரும் இருந்திருக்க வேண்டும். நான் கடற்படையின் தலைமை எஞ்சினியர் ஆனேன்.

சீருடைக்குத் துணி இல்லை. மிஷன் பள்ளியின் களஞ்சியத்தில் மாணவிகளின் நீலத் துணி கட்டுக் கட்டாக இருந்தது. பள்ளியின் தையல் வகுப்பு ஒரு வாரம் கணிதத்தை நிறுத்திவிட்டு எங்களுக்குச் சட்டை தைத்தது. நான் பட்டறைக்கும், என் மனைவியின் மாணவிகள் வகுப்புக்கும், ஒரே துணியில் போனோம். சலவையில் மாறிவிடக்கூடாது என்று ஒவ்வொரு சட்டைக் கொலரின் உட்பக்கத்திலும் அவள் மார்க்கிங் மையால் பெயர் எழுதினாள். நாற்பத்தொரு சட்டை. அதுதான் மொத்தக் கடற்படை.

மூன்று படகுகளில் பெரியது எண்ணெய்ப் பார்ஜுகளை இழுக்கும் டக் படகு. அதைத்தான் கொமாண்டர் தன் கொடிக்கப்பல் ஆக்கினார். தரைப்படையிடம் கெஞ்சி வாங்கிய ஒரு பீரங்கியை அதன் முன்தளத்தில் போல்ட் போட்டு இறுக்கினோம். முதல் முறை சுட்டுப் பார்த்தபோது குண்டு முன்னால் போனது. படகும் கொஞ்சம் பின்னால் போனது. கரையில் நின்ற சனம் இரண்டுக்கும் கை தட்டியது.

அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒளிக்கக்கூடாது. எட்டு வருடம் எஞ்சின்களுக்கு எண்ணெய் மாற்றியவனிடம் யாரோ வந்து ஒரு கடற்படையைக் கட்டச் சொன்னால் அவனுக்குச் சந்தோஷம் வராமல் இருக்காது. உடைந்த லொறியின் ரேடியேட்டரை எடுத்துப் படகுக்குப் பூட்டினேன். தண்ணீர்த் தாங்கியை எரிபொருள் தாங்கி ஆக்கினேன். ஒவ்வொன்றும் ஓடியது. ஓடியதெல்லாம் என் தலைக்குள் ஏறியது.

பிறகு தகடுகள் வந்தன. மூடப்பட்ட எண்ணெய் ஆலையின் தாங்கிகளை வெட்டி எடுத்த இரும்பு. டக் படகின் மாலுமி அறையைச் சுற்றி நான் ஒரு சுற்றுத் தகடு வைத்தேன். கொமாண்டர் இன்னொரு சுற்று வேண்டும் என்றார். பீரங்கியைச் சுற்றியும் ஆள் உயரத்துக்கு வேண்டும் என்றார். பாரம் மேலே ஏறினால் படகு தலைகனத்து, சடுதியாகத் திரும்பும்போது கவிழ்ந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் என் கடதாசியைப் பார்க்கவில்லை. பையன்கள் பயப்படுகிறார்கள், அவர்களுக்கு இரும்பு கண்ணில் தெரிய வேண்டும் என்றார். அதுவும் பொய்யில்லை. நான் தகடுகளை ஏற்றினேன். படகு கடலுக்குப் போகத் தகுதியானது என்று ஒரு தாளில் கையெழுத்தும் வைத்தேன். அந்த நாட்டில் எரிபொருள் இல்லாமல் போன பிறகும் படிவங்கள் இருந்தன.

68ஆம் ஆண்டு தொடக்கத்தில் மனைவியும் மகளும் ஒரு நிவாரண விமானத்தில் வெளியேறினார்கள். அதற்கு ஆறு வாரம் கழித்து ஒரு காலை, கழிமுகத்தில் எதிரியின் ரோந்துக் கப்பல் ஒன்று தெரிகிறது என்று செய்தி வந்தது. டக் படகு பதினொரு பேருடன் போனது. நான் இறங்குதுறையில் பைனாகுலரோடு நின்றேன். தூரத்தில் சாம்பல் நிறக் கப்பல் சுட்டது. குண்டுகள் கரையோரக் கண்டல் மரங்களுக்குள் விழுந்து சேற்றை வாரி எறிந்தன. எங்கள் படகு தப்புவதற்குச் சடுதியாகத் திரும்பியது. திரும்பிய பக்கமே சாய்ந்தது. நிமிரவில்லை. ஓர் ஆள் கட்டிலில் புரண்டு படுப்பதுபோல் அவ்வளவு சாவகாசமாகக் கவிழ்ந்தது.

ஏழு பேர் நீந்தி வந்தார்கள். நான்கு பேர் வரவில்லை.

மூன்று படகுக் கடற்படை ஒரு படகை இழந்த செய்தியை உடனே சொல்ல முடியாது என்று கொமாண்டர் கருதினார். குடும்பங்களுக்குக்கூடச் சொல்லக்கூடாது என்று கட்டளை. இரண்டு வாரம் கழித்து வானொலி சொன்னது: நமது போர்க்கப்பல் ஒன்று எதிரியின் கப்பலைத் தாக்கி மூழ்கடித்து, பின் வீரத்துடன் தானும் மூழ்கியது. பெயர்கள் சொல்லப்படவில்லை. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சில வாரங்களில் பட்டினம் விழுந்தது. மிச்சமிருந்த இரண்டு படகுகளையும் நாங்களே எரித்துவிட்டு உள்நாட்டுக்கு ஓடினோம். கடலே இல்லாத ஊர்களில் நான் இன்னும் பத்து மாதம் கடற்படை எஞ்சினியராக இருந்தேன். பிறகு ஒரு நிவாரண விமானத்தில் எனக்கும் இடம் கிடைத்தது, நாங்கள் மூவரும் மறுபடி கொழும்பில் சேர்ந்தோம்.

சிட்னியில் நாங்கள் ஹோம்புஷில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். தினமும் ரெயிலில் நகரத்துக்குப் போய் அங்கிருந்து பட்டறைக்குப் போவேன். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு டாக்டர் வீட்டின் வரவேற்பறைக்குள் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அடங்கினோம். என் கதை அங்கே எப்படியோ தெரிந்துவிட்டது. என்னை அட்மிரல் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பீரங்கி சுட்டதும் படகு பின்னால் போன கதையை மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் படகு இன்னும் கொஞ்சம் தூரம் போனது. தகடுகளை ஏற்றிய கதையை நான் சொன்னதில்லை. என் மனைவிக்கு மட்டும் அது தெரியும்.

மகள் பள்ளிக்கூடத்தில் தன் அப்பா கடற்படையில் இருந்தவர் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை உலகப் படத்தில் அந்த நாட்டைக் காட்டச் சொன்னாராம். அவளால் காட்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்து, நான் உண்மையைத்தான் சொன்னேனா என்று இங்கிலிஷில் கேட்டாள். அவள் பிறப்புச் சான்றிதழிலும் அந்த நாட்டின் முத்திரைதான் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். அது அவளைச் சமாதானப்படுத்தவில்லை. தானும் இல்லாமல் போய்விடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

1976இல் ஒரு நாள், கப்பல் எஞ்சினியரிங் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள் சிலர் பட்டறையைப் பார்க்க வந்தார்கள். மாணவர்கள் என்றாலும் எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள். தத்தம் அரசாங்கங்கள் அனுப்பியவர்கள். அதில் ஒருவர் நைஜீரியர் என்று தெரிந்ததும் போர்மன் என்னைத் தேடிக்கொண்டு எஞ்சின் அறைக்குள் இறங்கி வந்தார். உன் ஊர்க் கடற்படைக்காரன் ஒருவன் வந்திருக்கிறான் என்றார், நல்ல செய்தி கொண்டுவருபவரின் முகத்தோடு.

அவர் என் ஊர்க் கடற்படைக்காரர் அல்ல. மற்றக் கடற்படைக்காரர். உயரமானவர், மெதுவாகப் பேசுபவர், சப்பாத்து அப்படி மினுங்கும். போர்மன் எங்களை ஒரு வாங்கில் இருத்தித் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பழைய நண்பர்களைச் சேர்த்துவைத்த திருப்தியோடு பக்கத்திலேயே நின்றார். எந்தப் பட்டினம் என்று நைஜீரியர் கேட்டார். சொன்னேன். எந்த வருடம் என்றார். சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தக் கழிமுகத்தில் நான் ரோந்துக் கப்பலில் சப்-லெப்டினன்டாக இருந்தேன் என்றார். ஒரு காலை இரும்புப் பெட்டி போல் ஒரு படகு எங்களை நோக்கி வந்தது என்றார்.

"நாங்கள்தான் அதை மூழ்கடித்தோம்," என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. முன்பு பல முறை பெருமையாகச் சொல்லிக் களைத்தவர்போல் சொன்னார். "சுடச் சொன்னது நான்."

உங்கள் குண்டு ஒன்றுகூடப் படகில் படவில்லை, எல்லாம் கண்டல் காட்டுக்குள் விழுந்தது என்றேன். அவர் இல்லை என்றார். கடைசிக் குண்டு பட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், அதற்காகத் தன் கப்டனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகவும் சொன்னார். எனக்கும்தான் கிடைத்தது என்றேன். படகைக் கவிழ்த்தது மேலே ஏற்றிய பாரம், அந்தப் பாரத்தை ஏற்றியவன் நான் என்றேன். அதை நான் வாய்விட்டு மனைவி அல்லாத ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு வெள்ளைக்கார போர்மன் கேட்டுக்கொண்டு நிற்க, எதிரிப் படை அதிகாரி ஒருவரிடம் சொன்னேன்.

போர்மன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியென்றால் உண்மையிலேயே ஒரு கடற்படை இருந்ததா என்று கேட்டார். மூன்று வருடமாக என்னை ஒரு நல்ல பொய்க்காரன் என்று நினைத்து மதித்து வந்திருக்கிறார்.

நைஜீரியரை நான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று தெரியாது. விவாதம் முடியவில்லை என்பதுதான் காரணமாக இருக்கலாம். மனைவி புட்டும் இறைச்சிக் கறியும் செய்தாள். உறைப்பைக் குறைக்கட்டோ என்று கேட்டவள், அவர் முதல் வாய் சாப்பிட்டுவிட்டு மிளகாய் இருக்கிறதா என்று கேட்டதும் முகம் மலர்ந்தாள். மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் பள்ளியில் மூன்று வருடம் படிப்பித்த அவளுக்கு அந்தப் பசியைத் தெரியும்.

சாப்பிட்டு முடிந்ததும் நாங்கள் இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். அவர் ஒரு தாளில் கழிமுகத்தை வரைந்து தன் கப்பல் நின்ற இடத்தைக் குறித்தார். நான் என் படகின் குறுக்குவெட்டை வரைந்து தகடுகள் இருந்த உயரத்தைக் குறித்தேன். என் குண்டு என்று அவர் சொன்னார். என் தகடு என்று நான் சொன்னேன். குரல் உயர்ந்தது. எட்டு வருடமாக அந்தப் படகில் செத்தவர்களைத் தன் கணக்கில் வைத்திருப்பதாகவும், அதை இனி யாருக்கும் விட்டுக்கொடுக்க ஏலாது என்றும் அவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கொலைக் குற்றத்தை அடுத்தவன் மேல் போடச் சண்டை பிடிப்பவர்களை உலகம் பார்த்திருக்கிறது. நாங்கள் எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தோம்.

குசினி வாசலில் துவாயோடு நின்ற மனைவி என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஆர் தாட்டதெண்டு அடிபடுறியள். செத்த நாலு பேரின்ரை பேரும் தெரியுமோ உங்களுக்கு?"

நான் இரண்டு பேரைச் சொன்னேன். பீரங்கியில் நின்ற இருவரின் பெயர்கள் வரவில்லை. அவள் அதே கேள்வியை இங்கிலிஷில் அவரிடமும் கேட்டாள். அவர் தலையைக் குனிந்தார். அவருக்கு ஒருவரையும் தெரிந்திருக்க நியாயமில்லை.

அவள் நான்கு பெயர்களையும் சொன்னாள். ஊர்ப் பெயர், கிறிஸ்தவப் பெயர், தகப்பன் பெயர் எல்லாவற்றோடும். கொலரில் எழுதினவள் அவள்; வராதவர்கள் யார் யார் என்று நான் அப்போது சொன்னதை அவள் மறக்கவில்லை. சுக்கான் பிடித்தவரின் மனைவி பள்ளிச் சமையலறையில் வேலை செய்தவள் என்றும், அவருக்குக் கழுத்து அகலம் என்பதால் சட்டையை இரண்டு தடவை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது என்றும் சொன்னாள். பிறகு, நடந்ததை அந்தப் பெண்ணிடம் யாராவது சொன்னார்களா என்று கேட்டாள். அன்று கொமாண்டரின் கட்டளை இருந்தது, பிறகு பட்டினம் விழுந்துவிட்டது என்று நான் இழுத்தேன்.

"அந்தக் கொமாண்டர் இப்ப இஞ்சை வந்து உங்களைப் பிடிக்கப் போறாரே?" என்றாள். "எழுதுங்கோவன்."

எழுதுவது சுலபமாக இருக்கவில்லை. முதல் கடிதத்தில் வீரமரணம் என்று எழுதியிருந்தேன். மனைவி அதை வெட்டினாள். இரண்டாவதில் படகின் சமநிலையைப் பற்றி ஒரு பக்கம் விளக்கியிருந்தேன். சமையல்காரிக்குப் பரீட்சையோ வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். மூன்றாவது சின்னதாக வந்தது. உங்கள் கணவர் அந்தக் காலையில் படகோடு போனார், கவிழ்ந்தபோது உள்ளே இருந்தார், உடல் கிடைக்கவில்லை, தகடுகளை ஏற்றி அந்தப் படகு நல்லது என்று கையெழுத்து வைத்தவன் நான். அதன் கீழே நைஜீரியர் தன் கையால் எழுதினார்: சுடச் சொன்னவன் நான். இரண்டு பேரும் ஒரே தாளில், ஒரு விண்ணப்பத்துக்குக் கூட்டாகக் கையெழுத்திடுபவர்கள்போல். ஆண்டு முடிவில் படிப்பு முடிந்து போனபோது அவர் அதை எடுத்துச் சென்றார். மிஷன் பள்ளிக்குத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். எதிரி நாட்டு அதிகாரியாக ஒரு காலத்தில் கிட்டவே போக முடியாத கரைக்கு, அவர் பஸ்ஸில் போயிருக்கிறார்.

ஏழெட்டு மாதம் ஒன்றும் வரவில்லை. கடிதப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வராமல் இருந்தால் நல்லது என்று ஒரு பக்கம் நினைப்பேன். வந்தது. பள்ளி எழுத்தரின் அழகான கையெழுத்தில், அந்தப் பெண் சொல்லச் சொல்ல எழுதியது.

பட்டினம் விழுந்த நாளிலிருந்து ஊரில் ஒரு கதை இருந்ததாம். அவள் கணவன் சண்டைக்குப் பயந்து, கழிமுகத்துக்கு அப்பால் ஸ்பானியர்களிடம் இருந்த தீவுக்கு ஓடிவிட்டான், அங்கே மீன் விற்கும் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று. கண்டதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவள் நம்பினாள். ஒன்பது வருடம் ஒவ்வொரு பூசையிலும் அவரைச் சபித்திருக்கிறாள். அவருடைய தாயை வாசல்படி ஏற விடவில்லை. கடிதம் கிடைத்த பிறகு மாமியாரைத் தானே போய்க் கூட்டிவந்தாளாம். வீட்டிலிருந்த அவருடைய பழைய சட்டை ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துச் சவ அடக்கம் செய்தார்கள். ஊர் முழுக்க வந்தது. மீன்காரியைக் கண்டதாகச் சொன்னவர்களும் வந்து அழுதார்கள்.

கடைசியில் இப்படி இருந்தது: 'இரும்பைப் பற்றியும் குண்டைப் பற்றியும் நீங்கள் இரண்டு பேரும் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார்கள். எனக்கு அது விளங்கவில்லை. அவர் ஓடிப்போகவில்லை என்பது விளங்கியது. டீச்சரின் மகள் எப்படி இருக்கிறாள்?'

நான் மன்னிப்பை எதிர்பார்த்திருந்தேன், அல்லது சாபத்தை. இரண்டும் வரவில்லை. நானும் அந்த நைஜீரியரும் பங்கு பிரிக்க முடியாமல் அடிபட்ட பாவத்தை, அவள் எங்கள் இருவரிடமே விட்டுவிட்டு, தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டாள். மனைவி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு மகளின் பள்ளிப் படம் ஒன்றை எடுத்து, பின்னால் அவள் வயதை எழுதி, பதிலோடு அனுப்பினாள். மற்ற மூன்று குடும்பங்களையும் நைஜீரியர் தேடினார். ஒன்றுதான் கிடைத்தது. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அதன் பிறகு டாக்டர் வீட்டில் என்னிடம் கடற்படைக் கதை கேட்டால், கவிழ்ந்தது வரைக்கும் சொல்லத் தொடங்கினேன். சாப்பாட்டுக்கு முன்னால் கேட்க அது அவ்வளவு நல்ல கதை அல்ல. மெல்ல மெல்லக் கேட்பது நின்றது. அட்மிரல் என்ற பெயர் மட்டும் நின்றது.

எழுபத்தெட்டின் நடுவில் டாக்டர் வீட்டுக்கு ஒரு புதியவர் வந்தார். டாக்டர் மனைவியின் தம்பி, பல் வைத்தியர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். முந்திய வருடக் கலவரத்தில் இலங்கையில் அவருடைய கிளினிக்கை எரித்திருந்தார்கள். ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் கோழிக்கூட்டுக்குள் இரண்டு நாள் இருந்தவர். அதைச் சிரித்துக்கொண்டு சொல்வார். கேட்பவர்கள் சிரித்தால் மட்டும் அவருக்குப் பிடிக்காது.

என்னை ஏன் அட்மிரல் என்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். மூன்று படகு, பள்ளிக்கூடத் துணி, பீரங்கி, தகடு, கவிழ்ந்தது, நான்கு பேர், நைஜீரியர், கடிதம், சவ அடக்கம். இவ்வளவு நேரம் என் கதையை ஒருவரும் குறுக்கிடாமல் கேட்டதில்லை. படகு பின்னால் போன இடத்தில்கூட அவர் சிரிக்கவில்லை. சமையல்காரியின் கடிதத்தைச் சொன்னபோது அவர் கண் என் முகத்தில் இருந்தாலும், மனம் வேறெங்கோ நிற்பது தெரிந்தது. நான் முடித்ததும் பேப்பர் நாப்கின் ஒன்றை எடுத்து விரித்தார்.

"அண்ணை, அந்தத் தகட்டைக் கீழை, தண்ணி மட்டத்தோடை வைச்சிருந்தா கவிண்டிருக்காதோ?"

கவிழ்ந்திருக்காது என்றேன். அது எஞ்சினியரின் பதில். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அவர் நாப்கினில் ஒரு படகின் வடிவத்தைக் கீறினார். பல் வைத்தியரின் கை, நேர்த்தியாகக் கீறியது. சாதாரண மீன்பிடி வள்ளம் ஒன்றுக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டார். எந்தக் கடலில் ஓட என்று கேட்டேன். எங்கடை கடலிலைதான் என்றார். பிறகு, சும்மா ஓர் ஆசைக்குக் கேட்கிறேன் என்றார். நானும் சும்மா ஓர் ஆசைக்குத்தான் தொடங்கினேன் என்று சொல்ல நினைத்தேன். அவர், எரிந்த கிளினிக்கில் நோயாளியை இருத்தும் கதிரையைப் பற்றி, கப்பலில் வந்து இறங்கிய அந்தப் புதுக் கதிரையில் மூன்று மாதம்கூட ஒருவரும் இருக்கவில்லை என்பதைப் பற்றி, சற்று முன்னர்தான் சொல்லியிருந்தார். அந்த மனிதனிடம் படகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது?

அந்த நான்கு பேரைப் பற்றி மறுபடியும் சொன்னேன். இந்த முறை பெயர்களோடு சொன்னேன், நாலும் எனக்கு இப்போது பாடம். அவர் மரியாதையாகக் கேட்டார். தலையாட்டினார். தகடு எவ்வளவு தடிப்பு என்று கேட்டார்.

நினைவில்லை என்றேன். அது பொய். என் வாழ்க்கையில் வேறெதுவும் எனக்கு அவ்வளவு துல்லியமாக நினைவில் இல்லை.

உள்ளேயிருந்து டாக்டரின் மனைவி, தட்டு எடுத்துக்கொண்டு எல்லாரையும் சாப்பிட வரச் சொன்னார். பல் வைத்தியர் நாப்கினை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வரிசையில் எனக்கு முன்னால் நின்று, திரும்பி, என் தட்டில் தானே சோறு போட்டார்.